இரண்டாவது தோட்டம்

கோயம்புத்தூரில் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் கதவு எண்ணைச் சொல்வார், அப்புறம் வீதி, அப்புறம் ஏரியா. முடிந்தது. அன்னூரைத் தாண்டிப் போய்த் தோட்டத்தில் குடியிருப்பவரிடம் அதையே கேட்டுப் பாருங்கள். முதலில் உங்களைப் பஸ் ஏற்றுவார். இந்த ஸ்டாப்பில் இறங்காதீங்க, அடுத்ததில் இறங்குங்க என்பார். ரேஷன் கடையைக் காட்டுவார், மண் தடத்தில் இறக்குவார், வழியில் நாய் இருக்கிறது, ஒன்றும் பண்ணாது என்று தைரியம் சொல்வார். இத்தனையும் ஆன பிறகுதான், கடைசியோ கடைசியாக, தன் வீட்டு வாசலுக்கு வருவார். அந்தப் பக்கத்தில் முகவரி என்பது தொலைவில் தொடங்கிக் கிட்டத்தில் முடிகிற ஒரு நடை. வேண்டிய விஷயம் வாலில்தான் இருக்கும்.

இது எனக்குத் தெரியாததல்ல. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். என் பாதிச் சொந்தம் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்துவைத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கு ஒரு நாளைக்கு நூறு போன் வரும். மோட்டார் ஓடவில்லை, ஓடுகிறது ஆனால் தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வருகிறது ஆனால் சத்தம் போடுகிறது. முன்பெல்லாம் இதை நோட்டில் எழுதி, மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்கள். நோட்டுக்குப் பதிலாக ஒரு ப்ரோக்ராம் வேண்டும் என்று முதலாளி சொன்னார். போன் வந்தால் டைப் அடிக்க வேண்டும், அடித்தது அப்படியே மெக்கானிக்கின் கைபேசியில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். டேட்டாபேஸில் என்னென்ன பட்டியல், ஒவ்வொரு பட்டியலிலும் என்னென்ன கட்டம், ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் என் முடிவு. என்னைக் கேட்க ஆள் இல்லை. ஆள் இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

கட்டத்தின் அகலத்தை இரண்டு விதமாக வைக்கலாம். நிலையான நீளம் என்றால் முட்டைத் தட்டு மாதிரி. எல்லாக் குழியும் ஒரே அளவு. சின்ன முட்டை வைத்தால் குழியில் மிச்ச இடம் சும்மா கிடக்கும். வாத்து முட்டையை வைக்க முடியாது. ஆனால் எட்டாவது முட்டை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கலாம். மாறும் நீளம் என்றால் சாக்குப் பை. எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவுக்குத்தான் உப்பும், வீண் இடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பையும் எங்கே முடிகிறது என்று தனியாகக் குறித்துவைக்க வேண்டும். பின்னால் ஒரு பையில் இன்னும் கொஞ்சம் திணித்தால் பக்கத்துப் பை நகர வேண்டியிருக்கும். டேட்டாபேஸுக்கு அதனால் கொஞ்சம் கூடுதல் வேலை.

நான் படித்துவந்தது பழைய பள்ளி. ஒரு பஞ்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், எல்லாப் பதிவும் ஒரே நீளம் என்று வைத்து வேலை பழகியவன். பெயருக்கு முப்பது, ஊருக்கு இருபது என்று அளந்து வைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வரும். நீளம் மாறுகிற கட்டம் எனக்குப் பிடிக்காது. பொறுப்பில்லாதவன் செய்கிற வேலை என்று ஒரு எண்ணம். முகவரிக்கு இருநூற்று நாற்பது பைட், நிலையான நீளம் என்று போட்டேன். என் வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் அடித்துச் சோதித்தேன். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும், ஐம்பது எழுத்துகூட வரவில்லை. இருநூற்று நாற்பது தாராளம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தமிழில் ஒரு எழுத்துக்கு மூன்று பைட் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதில் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக மூன்று மூன்று பைட் என்பதும் தெரியும். 'கோ' என்று ஒரு எழுத்து அடித்தால் ஆறு போச்சு. தெரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. முகவரியைத் தமிழில் அடிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

போன் எடுக்கிற பெண் தமிழில்தான் அடித்தார். சூலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முப்பது வயது இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "சொல்லுங்க" என்று ஆரம்பித்தால், எதிர்முனையில் பேசுகிறவர் பேசப் பேச விரல் ஓடும். மெக்கானிக்குகள் தமிழில்தான் படிப்பார்கள், அதனால் தமிழ். ஆட்கள் சொல்வதை அப்படியே அடிப்பார், மரியாதையைக்கூட விட மாட்டார். "வந்தீங்கன்னா" என்று சொன்னால் "வந்தீங்கன்னா" என்றே போடுவார். பைட்டில் பாதியை எங்கள் ஊர் மரியாதையே தின்றுவிடும்.

ப்ரோக்ராம் ஓட ஆரம்பித்த முதல் வாரம் அவர் நாளைக்கு நான்கு தடவை என்னைக் கூப்பிட்டார். நீளம் மீறிப்போனால் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளாது, சிவப்பு எழுத்தில் கத்தும். அது ஒழுங்கான டேட்டாபேஸ், செய்ய வேண்டியதைச் செய்தது.

"ஏனுங்க சார், மறுபடியும் செவப்பா வருதுங்க. அட்ரஸ் பத்தலைன்னு சொல்லுதுங்க."

"சுருக்கமா அடிங்கம்மா. என்ன, கதையா எழுதறீங்க?"

"அவுங்க சொல்றதத்தானுங்க அடிக்கறேன். எத உடறது, எத வெக்கறதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்?"

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நான் மாறும் நீளத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். ஒரு மதியத்து வேலை. ஆனால் முதலாளி முந்தின நாள்தான் பட்டியல் கண் இமைக்கிற நேரத்தில் வந்து நிற்கிறதே என்று எல்லார் முன்னாலும் பாராட்டியிருந்தார். அந்த வேகத்துக்கு நிலையான நீளம்தான் காரணம் என்று நானும் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதை மாற்றிக்கொள்வதா? அதனால் வேறு ஒன்று செய்தேன். டேட்டாபேஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் முகவரியை இருநூற்று நாற்பதுக்குள் நறுக்கிவிடும்படி ப்ரோக்ராமில் ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு வரி. டேட்டாபேஸ் கத்துவது நின்றது.

"சார், இப்ப எவ்வளவு அடிச்சாலும் ஏத்துக்குதுங்களே!" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கும் என்னைக் குடைவது அந்தத் தலையாட்டல்தான்.

நறுக்கின முகவரியோடு மெக்கானிக்குகள் போனார்கள். பாதியில் நின்றால் வாடிக்கையாளரைக் கைபேசியில் கூப்பிட்டு மீதி வழியைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டொருவர் என்னிடம் "அட்ரஸ் வாலு இல்லாம வருதுங்க சார்" என்று சொன்னார்கள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. எப்படியோ வேலை நடக்கிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

சித்திரை மாதம். காலை பத்தரைக்கே வெளியே கண் கூசியது. போன் எடுக்கும் அறையில் அன்று நான் உட்கார்ந்திருந்தேன், வேறு ஏதோ சரிபார்க்க. அந்தப் பெண் ஒரு அழைப்பை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாவமுங்க சார். அன்னூர்ப் பக்கம் ஒரு அக்கா. கோழிப் பண்ணை வெச்சிருக்காங்களாமா. காத்தால இருந்து மோட்டார் எடுக்கலையாமா. டேங்க்ல இருக்கற தண்ணி மத்தியானம் வரைக்கும்தான் வருமாமா."

கறிக்கோழிப் பண்ணை பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கோழிக் கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீனியும் மருந்தும் தருவார்கள். ஷெட்டும் தண்ணீரும் உழைப்பும் வளர்க்கிறவருடையது. நாற்பது நாள் சொச்சத்தில் வளர்ந்த கோழியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அடுத்த தொகுதிக் குஞ்சை இறக்குவார்கள். கடைசி வாரத்தில் கோழி கனத்துப்போயிருக்கும். சித்திரை வெயிலில் அதற்குக் குடிக்கத் தண்ணீர் நிற்கக் கூடாது, கூரைமேல் தெளிக்கிற தண்ணீரும் நிற்கக் கூடாது. நின்றால் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், பிறகு படுக்கும்.

"லோடு ஏத்த இன்னும் ஏழு நாள்தானாமா," என்றார் அந்தப் பெண். "போன பேட்ச்சு சீக்குல போயிருச்சாமாங்க. இதுவும் போச்சுன்னா இனி குஞ்சு எறக்க மாட்டோம்னு கம்பெனிக்காரங்க சொல்லிப்போட்டாங்களாமா. அழுதுபோட்டாங்க சார்."

"அவசரம்னு போட்டு மெக்கானிக்குக்கு அனுப்பிட்டீங்களா?"

"அப்பவே அனுப்பிட்டனுங்க. நம்ம ஆளு அன்னூர்லதான் இருக்கறாரு. அரை மணி நேரத்துல போயிருவாருங்க."

அவர் சொன்னபடியே பதினொரு மணிக்கு மெக்கானிக், இடத்துக்கு வந்துவிட்டேன் என்ற பொத்தானைத் தன் கைபேசியில் அழுத்தினார். எங்கள் திரையில் அந்தப் புகார் இருந்த வரிசை பச்சையானது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நம்முடைய ப்ரோக்ராம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது ஒரு பெருமை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டே காலுக்கு மறுபடியும் அன்னூர் அழைப்பு. இந்தத் தடவை அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மணி, ஆளு கெளம்பிட்டாருங்களா?" குரல் மூச்சு வாங்கியது. வாளி உருளுகிற சத்தமும், அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகள் கத்துகிற இரைச்சலும் கேட்டன.

"அக்கா, அவரு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்களே. வேலை நடந்துட்டிருக்குதுன்னு இங்க காட்டுதுங்க."

வாளி உருளுகிற சத்தம் நின்றது.

"எங்கீங்க நடக்குது?" என்றார் அந்த அம்மா. "இங்க ஒருத்தரும் வரலீங்களே. நான் ஷெட்டுக்குள்ளதானுங்க நிக்கறேன்."

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம், எடுக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு வேறு ஆளும் இல்லை. அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தால் அதுவும் போகவில்லை. இடுப்பில் சொருகியிருந்த போன் தண்ணீர் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. நான் எழுந்து அந்த வரிசையைத் திறந்து முகவரியைப் பார்த்தேன்.

"அன்னூர் தாண்டி வந்தீங்கன்னா, ரேஷன் கடைக்குப் பக்கத்துல மண் தடம் பிரியும், அதுல எறங்கி ரெ"

அவ்வளவுதான் இருந்தது. காலை அழைப்பின் ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டேன். அதே குரல், காலையில் கொஞ்சம் நிதானமாக இருந்தது. "... அதுல எறங்கி ரெண்டாவது தோட்டமுங்க. மொதத் தோட்டத்த உட்டுப்போட்டு இட்டேரியிலயே நேரா வாங்க. கோழிச் சத்தம் கேக்குமுங்க, அதுதான் நம்ம ஊடு." இரண்டு பக்கமும் வேலி போட்டுத் தோட்டங்களுக்கு நடுவே போகிற குறுகிய தடத்தைத்தான் இட்டேரி என்போம். இட்டேரியும் கோழிச் சத்தமும் வீடும் நான் சேர்த்த அந்த ஒரு வரியில் நறுக்கப்பட்டுவிட்டன. இரண்டாவது என்பதில் முதல் எழுத்து மட்டும் தப்பித்தது.

மெக்கானிக் போன இடம் முதல் தோட்டம். வழக்கமாக அவர் கூப்பிட்டுக் கேட்பவர்தான். அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்பதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். மண் தடத்தில் இறங்கியதும் முதல் தோட்டத்துக் கிணற்று மேட்டில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய மோட்டார் ரூம் தெரிந்திருக்கிறது. பில்லில் இருந்த பெயரைச் சொல்லி, இவர் தோட்டம்தானா என்று கேட்டிருக்கிறார். பில் அந்த அம்மாவின் மாமனார் பெயரில் இருந்தது. அந்த ஊரில் அந்தப் பெயர் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும், எல்லாருக்கும் ஒரே குலசாமி. முதல் தோட்டத்துக்காரருக்கும் அதே பெயர்.

"நானேதானுங்க. வாங்க கண்ணு, மொதல்ல நெழலுக்கு வாங்க," என்றிருக்கிறார் அவர்.

"மோட்டார் கம்ப்ளெய்ண்ட்டுன்னு போன் பண்ணியிருந்தீங்களே."

"நான் பண்ணலைங்க. ஊட்டுல பண்ணியிருப்பாங்க. அதுக்கென்னுங்க, அதுவும் ஒரு மாசமா கொரகொரன்னு சத்தம் போட்டுட்டுத்தான் கெடக்குது. இத்தன வெயில்ல வந்துட்டீங்க, பாத்துருங்க. இந்தாங்க, மோரு."

வீட்டில் கேட்கவே இல்லை. வீட்டம்மா சந்தைக்குப் போயிருந்தார். வேகாத வெயிலில் ஒரு ஆள் வாசலில் வந்து நிற்கிறார், அவரிடம் நான் கூப்பிடவில்லை, போய்விட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் அது நடக்காத காரியம். என் சொந்தக்காரர்களில் யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். நானும் செய்திருப்பேன். மெக்கானிக் மோர் குடித்தார். மோட்டாரைக் கழற்றினார். பேரிங் தேய்ந்திருந்தது நிஜம்தான். போனை வண்டியில் வைத்துவிட்டு, கைநிறைய கிரீஸோடு இரண்டு மணி நேரம் அந்தப் பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். அவசரம் என்று போட்டிருந்ததே என்று கேட்டேன். "எல்லாருமே அவசரம்னுதானுங்க சார் போடச் சொல்றாங்க," என்றார்.

ஒன்றேகாலுக்கு வண்டிக்குத் திரும்பிப் போனைப் பார்த்திருக்கிறார். எங்கள் அழைப்பு பதினேழு தவறியிருந்தது. விஷயம் தெரிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். இரண்டாவது தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இட்டேரியில் ஒரு வளைவு, வரிசையாகத் தென்னை, அதற்கப்பால் ஷெட். அங்கே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கம்பிச் சுருள் கருகியிருந்தது. உள்ளங்கை அளவுப் பொருள். மாற்றக் கால் மணி நேரம் ஆனது. ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். அந்த அம்மா வாளி வாளியாகத் தெளித்திருக்கிறார். மூவாயிரம் கோழிக்கு வாளி எந்த மூலைக்கு? தண்ணீர் வந்த பிறகும் பொழுதிறங்குகிற வரைக்கும் விழுந்துகொண்டே இருந்ததாம். "பாதிக்கு மேல போயிருச்சுங்க சார்," என்றார் மெக்கானிக். அவர் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்து, செத்ததையெல்லாம் பொறுக்கிக் குழியில் போடவும் ஒத்தாசை செய்திருக்கிறார். அது அவர் வேலையில்லை.

மறுநாள் மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். போகிற இடம் சரியா என்று ஒரு போன் பண்ணிக் கேட்க முடியாதா, இத்தனை வருஷ சர்வீஸ் எதற்கு என்று. மேனேஜர் அறைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். என்னை யாரும் கேட்கவில்லை. டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்க்க அந்தக் கம்பெனியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

என்னைச் சும்மா விடாதது அந்தப் போன் எடுக்கும் பெண். மூன்றாம் நாள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நான் முழுசாத்தானுங்க அடிச்சேன்."

"தெரியும்மா."

"செவப்பா வந்துட்டிருந்தப்ப நான் உங்களக் கூப்பிட்டுட்டு இருந்தனுங்க. கூப்பிட்டா நீங்க சலிச்சுக்குவீங்க. அப்பறம் அதுவே ஏத்துக்கிச்சு. ஏத்துக்கிச்சுன்னா முழுசா எடுத்துக்கிச்சுன்னுதானே சார் அர்த்தம்?" பிறகு, "நான்தான் அந்த அக்காகிட்ட வேலை நடந்துட்டிருக்குதுன்னு சொன்னேன்," என்றார்.

அன்று மதியமே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் சொன்னதைப் பாதி புரிந்துகொண்டு, "சரி, மாத்தீருங்க," என்றார். என்னை அவர் கிழிக்கவில்லை. கம்ப்யூட்டர் தப்பு என்றால் யாருக்கும் கோபம் வருவதில்லை, மழை பெய்தது என்பது போலக் கேட்டுக்கொள்கிறார்கள். மெக்கானிக்கிடமும் சொன்னேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "உடுங்க சார்," என்றார். விடுவதற்கு எனக்குத்தான் முடியவில்லை.

முகவரிக் கட்டத்தை மாறும் நீளத்துக்கு மாற்றினேன். நறுக்குகிற வரியை எடுத்தேன். நான் நினைத்தபடியே ஒரு மதியத்து வேலைதான், சொல்லப்போனால் நாலு மணிக்கு டீ குடிக்கப் போய்விட்டேன். பட்டியல் முன்பு வந்த அதே வேகத்தில் வந்தது. கடிகாரம் வைத்து அளந்து பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. நான் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்ட வேகத்துக்கும் நிலையான நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பட்டியலைப் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பீளமேட்டுக்காரர், கணபதிக்காரர் முகவரியெல்லாம் கதவு எண், வீதி, ஏரியா என்று நூறு பைட்கூட இல்லை, அதற்குப் பிறகு எல்லாம் வெற்றிடம். டேட்டாபேஸ் அந்த வெற்றிடத்தையெல்லாம் பத்திரமாக எழுதிவைத்திருந்தது. தோட்டத்துக்காரர்கள் முகவரி மட்டும் ஒன்றுவிடாமல் வழியிலேயே நின்றது.

நறுக்கிப்போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது. அதனால் அந்த வாடிக்கையாளர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முகவரியை மறுபடி வாங்க வேண்டியிருந்தது. போன் எடுக்கும் பெண் பாதியைச் செய்தார், மீதியை நான் செய்தேன். அன்னூர் முகவரியைப் போனில் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். ரேஷன் கடை, மண் தடம். முதல் தோட்டத்துக்காரர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் கும்பிட்டார். மோட்டார் இப்போது சத்தமே போடுவதில்லையாம். உள்ளே வந்துவிட்டுப் போங்க என்றார். திரும்பி வரும்போது வருகிறோம் என்று சொல்லித்தான் தப்பிக்க முடிந்தது. இட்டேரியில் வளைந்து திரும்பினோம்.

அந்த அம்மாவுக்கு என் வயதைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வைக்கப் போனார். ஷெட் எதிரே இருந்தது. கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார், சுண்ணாம்பு அடித்திருந்தார். தண்ணீர்க் குழாய்களையெல்லாம் துணியில் சுற்றி மேலே கட்டியிருந்தார். குஞ்சு வந்தால் நாளைக்கே இறக்கலாம் என்கிற மாதிரி.

டீயைக் குடித்துவிட்டுச் சொன்னேன். முட்டைத் தட்டு, சாக்குப் பை உதாரணமெல்லாம் மனதில் தயாராக வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "நீங்க சொன்ன அட்ரஸ நான்தாங்க பாதியில வெட்டிட்டேன். மெக்கானிக் மேல தப்பில்லைங்க," என்று மட்டும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது.

"எடம் பத்தலீங்களா?" என்றார்.

"இடம் இருந்துதுங்க. நான் வைக்கலை."

"செரி, உடுங்ணா. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். பிறகு, "இப்ப சூலூர்ல ஒரு மில்லுக்குப் போறனுங்க. வேனு ரேஷன் கடைக்கிட்டயே வந்து நிக்குது. ஒண்ணும் கஷ்டமில்லீங்க," என்றார். காலை ஐந்து மணிக்கு வேன் என்று மெக்கானிக் வழியில் சொல்லியிருந்தார்.

கைபேசியை எடுத்து அந்த வரிசையைத் திறந்தேன். முகவரியை மறுபடி ஒரு தடவை சொல்லுங்க, முழுசா எழுதிக்கிறேன் என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன். அவர் பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்னூர் தாண்டி வந்தீங்கன்னா, ரேஷன் கடை, மண் தடம், அதுல எறங்கி ரெண்டாவது தோட்டம். மொதத் தோட்டத்த உட்டுப்போட்டு இட்டேரியிலயே நேரா. நான் ஒரு எழுத்து விடாமல் அடித்துக்கொண்டே வந்தேன். நேரா என்றதோடு அவர் நிறுத்திவிட்டார்.

ஒலிப்பதிவை நான் எத்தனையோ தடவை கேட்டவன். "கோழிச் சத்தம் கேக்கும்னு சொல்லியிருந்தீங்களே," என்றேன். வாயை விட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது.

அவர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அது இப்ப இல்லீங்களே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "இனி மோட்டார் நின்னாலும் ஒண்ணும் அவசரமில்லீங்ணா. ஆள மெதுவாவே வரச்சொல்லுங்க," என்றார்.